குறிஞ்சி நிலமும் ஒளிப்படக் கலையும்

முன்னுரை

நிலத்தைப் பூவின் பெயரால் அழைத்தவர்கள் பண்டைத் தமிழர்கள். மலையும் அதனைச் சார்ந்த பகுதியும் குறிஞ்சி எனப் பெயர் பெற்றன. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், அந்நிலத்தில் அப்பொழுதில் வாழும் மரம், பூ, விலங்கு, பறவை முதலியவற்றைக் கருப்பொருள் என்றும், மாந்தரின் ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றும் தமிழிலக்கண மரபு வகுத்துக் காட்டுகிறது. இப்பகுப்பைத் தமிழ் பயிலும் மாணவர் அனைவரும் தேர்வுக்காகப் படித்திருப்பர். தேர்வு முடிந்ததும் அதனை மறந்துவிடுவோரும் உளர்.

ஆயினும் மலைக்காட்சியை ஒளிப்படமாக எடுக்க விரும்பும் ஒருவர் இப்பகுப்பை மறத்தல் இயலாது. அவர் முதலில் எதிர்கொள்வது நிலமும் பொழுதும் ஆகும். குன்று எங்கே நிற்கிறது, ஒளி எத்திசையிலிருந்து வருகிறது, மேகம் எப்போது இறங்கும் என்பன அவர்தம் முதற்பொருள். குன்றின் மடியில் மலர்ந்திருக்கும் பூவும், பாறை இடுக்கிலிருந்து எட்டிப் பார்க்கும் உயிரும் கருப்பொருள். இவ்விரண்டும் அமைந்த பின்னரும் ஒன்று எஞ்சி நிற்கிறது. அது படம் எடுப்பவரின் ஒழுக்கம். அவ்வொழுக்கமே ஒரு படத்தை வெறும் அலங்காரமாக்குவதும், மலைக்குச் சாட்சியாக்குவதும். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் குன்றுகள்

மலைப்படம் என்றவுடன் உதகையும் கொடைக்கானலும் இமயமும் நம் நினைவுக்கு வருகின்றன. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை நோக்கிச் செல்லும் வழியிலுள்ள கெடாரில் வாழ்வோர், "நமக்கு மலை ஏது?" என்று கேட்கக்கூடும். ஏரியும் நெல்வயலும் கரும்பும் மணிலாக் கொல்லையுமாக விரிந்து கிடப்பது எம் ஊர். ஆயின் அதனைச் சுற்றித் திசைதோறும் குன்றுகள் உள்ளன. வடக்கே செல்லின் செஞ்சிக் குன்றுகள், வடமேற்கே அண்ணாமலை, தென்மேற்கே தென்பெண்ணை தழுவிச் செல்லும் திருக்கோவலூர், இடையிடையே பெயர் பெற்றனவும் பெயரற்றனவுமான பாறைக் குன்றுகள் பல.

இக்குன்றுகள் இமயத்தை விட மிகப் பழமையானவை. இமயம் உயரத் தொடங்கி ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளே ஆகின்றன. செஞ்சிக் குன்றுகளின் கருங்கல்லோ 200 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. பாறையின் வெடிப்புகளில் நீர் புகுந்து, வெயிலும் மழையும் மாறி மாறித் தாக்க, கூரிய மூலைகள் முதலில் உதிர்ந்து, காலப்போக்கில் பாறைகள் உருண்டைகளாயின. ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி வைத்தாற்போல் அவை நிற்கும் தோற்றம் இவ்வாறு உண்டானதேயாகும்.

இக்குன்றுகளைப் படமாக்க முயன்ற முதல் மனிதர் நாமல்லர். விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலையிலும் செத்தவரையிலும் தொன்மையான பாறை ஓவியங்கள் உள்ளன. காவி நிறத்தால் தீட்டப்பெற்ற மனித உருவங்களையும் விலங்குருவங்களையும் அங்குக் காணலாம். தாம் கண்டதைக் கல்லில் பதித்து வைக்க வேண்டும் என்ற வேட்கை இம்மண்ணுக்குப் புதிதன்று என்பதற்கு அவை சான்று.

கருவி வந்த வழி

ஒளிப்படக் கருவியைக் கேமரா என்கிறோம். இலத்தீன் மொழியில் இச்சொல்லுக்கு அறை என்பது பொருள். இருட்டறையின் சுவரில் சிறு துளை ஒன்றிருப்பின், வெளிக்காட்சி எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும். பாஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னு அல் ஹைதம், 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், துளை வழியே ஒளி செல்லும் முறையை விளக்குகளைக் கொண்டு ஆய்ந்தார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் காட்சி உண்டாகிறது என்ற பழைய கருத்தை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே காண்கிறோம் என்று நிறுவினார். அவரது கிதாபுல் மனாழிர் என்னும் நூல் இலத்தீனில் பெயர்க்கப்பெற்று ஐரோப்பிய அறிஞர்களுக்கு வழிகாட்டியது. நாம் ஒளியைப் பிடிப்பதில்லை, நம்மை நோக்கி வரும் ஒளியைக் காத்திருந்து ஏற்கிறோம் என்னும் பணிவு இக்கலையின் வேரிலேயே உள்ளது.

துளை வழியே விழுந்த காட்சியை நிலைநிறுத்தும் வழி 1839ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவிக்கப்பெற்றது. அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள் கருவி இமயத்தில் ஏறிவிட்டது. சாமுவேல் போர்ன் என்னும் ஆங்கிலேயர் 1866ஆம் ஆண்டில், 18,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்திலுள்ள மணிரங் கணவாயில் படம் எடுத்தார். அக்காலத்தில் கண்ணாடித் தகட்டில் மருந்தைப் பூசி, அது உலர்வதற்குள் படம் எடுத்து, அங்கேயே கூடாரத்து இருளில் கழுவி எடுக்க வேண்டும். கண்ணாடித் தகடுகளையும் மருந்துகளையும் கூடாரத்தையும் சுமந்து செல்லச் சுமையாளர் பலர் தேவைப்பட்டனர். அவர் நீலகிரியையும் படமாக்கியுள்ளார். ஒரு படத்துக்கு அத்துணை உழைப்புத் தேவைப்பட்டமையால், எங்கே நிற்பது, எப்போது எடுப்பது என்பதைப் பலமுறை எண்ணிய பின்னரே எடுத்தனர். இன்று கைப்பேசியில் நொடிக்குப் பத்துப் படங்கள் எடுக்கிறோம். கருவியின் சுமை குறைந்தது. எண்ணிப் பார்க்கும் வழக்கமும் அதனோடு குறைந்துவிடலாகாது.

முதற்பொருள்: நிலமும் பொழுதும்

மலைப்படத்தில் நிலத்தின் உருவத்தைக் காட்டுவது நிழல். உச்சி வேளையில் கதிரவன் தலைக்கு நேரே நிற்கும்போது பாறைகளுக்கு நிழல் இல்லை; குன்று முழுவதும் தட்டையாக வெளுத்துத் தோன்றும். காலையிலும் மாலையிலும் ஒளி சாய்வாக வீசும்போது ஒவ்வொரு பாறையும் தன் நிழலைத் தன் பக்கத்தில் கிடத்துகிறது. அப்போதே குன்றின் மேடும் பள்ளமும் கண்ணுக்குப் புலனாகின்றன. சாய்ந்த கதிர் காற்றில் நெடுந்தொலைவு கடந்து வருவதால் நீலக்கூறு சிதறிப்போய்ச் செம்மையும் பொன்மையும் எஞ்சுகின்றன. தொலைவிலுள்ள மலைகள் நீலமாகத் தோன்றுவதற்கும் இச்சிதறலே காரணம். அண்மைக் குன்று கருமையாகவும், அடுத்தது சாம்பலாகவும், அதற்கடுத்தது இளநீலமாகவும் அடுக்கடுக்காகத் தோன்றும் காட்சி, ஆழமற்ற தாளில் ஆழத்தை உண்டாக்கித் தருகிறது.

செஞ்சியில் ராஜகிரி ஏறத்தாழ 800 அடி உயரமுடையது. கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகியன அதன் துணைக்குன்றுகள். மூன்றையும் கோட்டைமதில் இணைக்கிறது. இக்கோட்டை, மராத்தியர் தொடர்பான பன்னிரண்டு கோட்டைகளுள் ஒன்றாக, 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. கல்யாண மகாலும், வேங்கடரமணர் கோயிலும், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த சாதத்துல்லாகான் பள்ளிவாசலும் குன்றுகளைப் பின்னணியாகக் கொண்டு நிற்கின்றன. கோட்டைக்குள் செல்லத் தொல்லியல் துறை குறித்துள்ள நேரம் உண்டு. ஆதலின் விடியற்காலைக் காட்சியை வெளியே வயல்வரப்பிலிருந்தோ ஏரிக்கரையிலிருந்தோ எடுப்பதே முறை. ஏரியில் நீர் நிறைந்த காலமாயின் குன்றின் நிழலும் நீரில் விழும்.

பொழுது என்பதில் நாளின் பொழுதும் ஆண்டின் பொழுதும் அடங்கும். நம் பகுதிக்குப் பெருமழை தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று. மழை பெய்து ஓய்ந்த மறுநாட்காலையே தொலைக்காட்சிக்கு ஏற்றது. காற்றிலுள்ள தூசு கழுவப்பட்டிருப்பதால் தொலைவிலுள்ள குன்றும் துலக்கமாகத் தெரியும். மார்கழி, தை மாதங்களில் வயல்வெளியில் பனிமூட்டம் படிய, குன்றின் தலை மட்டும் மேலே நிற்கும். சித்திரை, வைகாசியில் பிற்பகலில் திடீரென இடிமேகம் திரளும். கருமேகத்தின் முன்னே வெயில் பட்ட பாறை ஒளிரும். அக்காட்சி சில நிமிடங்களே நிலைக்கும்.

உயரமான மலைகளில் இம்மாற்றம் இன்னும் விரைவானது. ஈரக்காற்று மலைச்சரிவில் மோதி மேலெழும்போது குளிர்ந்து மேகமாகிறது. பொதுவாக 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் 6.5 பாகை அளவுக்குக் குறையும். 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவில், கடற்கரையில் வியர்த்துக் கொண்டிருந்தவர் நடுங்குவது இதனாலேயே. கணப்பொழுதில் மேகம் வந்து மூடும், கணப்பொழுதில் விலகும். அங்கே படம் எடுப்போர்க்குத் தேவையானது ஓட்டமன்று, காத்திருத்தல். முக்காலியை நிறுத்தி, எல்லையை வகுத்துக்கொண்டு, திரை விலகும் வரை நிற்க வேண்டும்.

பனிமூட்டத்தைப் படமாக்குவோர் அறிய வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. கருவியிலுள்ள ஒளிமானி தான் காணும் காட்சி சராசரிச் சாம்பல் நிறமுடையது என்றே கொள்கிறது. வெண்பனியைக் கண்டதும் ஒளி மிகுந்துவிட்டதாகக் கருதிக் குறைத்துவிடும். பனி அழுக்குத் துணிபோல் படத்தில் விழும். ஆகவே மானி சொல்லும் அளவைவிட ஒரு படி, அதாவது இருமடங்கு, ஒளியைக் கூட்டுதல் வேண்டும். கைப்பேசியிலும் திரையைத் தொட்டு ஒளியைக் கூட்ட வழியுண்டு. கரும்பாறையும் கருமேகமும் நிறைந்த காட்சியில் இதற்கு மாறாகச் சற்றே குறைத்தல் வேண்டும்.

காப்பும் இன்றியமையாதது. குளிர்ந்த இடத்திலிருந்து வெப்பமான ஈரக்காற்றுள்ள இடத்துக்குக் கருவியைக் கொணர்ந்தால் லென்ஸில் நீர் முத்துக்கட்டும். பையைத் திறவாமல் அரைமணி நேரம் வைத்திருந்தால் இத்தீங்கு நேராது. இடி முழங்கும்போது பாறை உச்சியில் உலோக முக்காலியுடன் நிற்பது உயிருக்கே ஊறு. நல்ல படம் கிடைக்கும் நேரமும் இறங்கிவிட வேண்டிய நேரமும் சில வேளை ஒன்றாகவே வரும். அப்போது இறங்குவதே அறிவுடைமை.

கருப்பொருள்: பூக்கள்

மலைப்பூக்களைப் பற்றிப் பேசுங்கால் கபிலரை நினையாதிருத்தல் இயலாது. குறிஞ்சிப்பாட்டில் அவர் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறார். பாரி மறைந்த பின் அப்பெரும்புலவர் தென்பெண்ணையாற்றின் கரையில் உயிர் நீத்தார் என்பது மரபு. திருக்கோவலூரில் ஆற்றிடைப் பாறையொன்று இன்றும் கபிலர் குன்று என வழங்குகிறது. மலைப்பூக்களை எண்ணிப் பாடியவரின் நினைவிடம் நம் ஊர்க்கு இத்துணை அண்மையில் இருப்பது நமக்குப் பெருமை மட்டுமன்று, பொறுப்புமாகும்.

கெடாரைச் சூழ்ந்த குன்றுகளிலும் புதர்க்காடுகளிலும் ஆண்டு முழுதும் ஏதேனும் ஒரு பூ உண்டு. மழைக்காலத்தில் வேலியைப் பற்றிப் படரும் செங்காந்தள், மஞ்சளில் தொடங்கிச் செம்மையில் முடியும் தன் இதழ்களைச் சுடர்போல் மேல்நோக்கி விரிக்கிறது. அதுவே தமிழ்நாட்டின் மாநில மலர். மாசி, பங்குனியில் இலையெல்லாம் உதிர்ந்த கோங்கிலவு, பாறை நடுவே மஞ்சட் பூக்களுடன் நிற்கும். புரசு செந்நிறம் காட்டும். கோடையில் கொன்றை தொங்கும். ஆவாரை ஏறத்தாழ எல்லாக் காலத்தும் பூத்திருக்கும்.

பூவை அருகிலும் மலையைத் தொலைவிலும் வைத்து இரண்டையும் துலக்கமாகக் காட்டுவதே மலைப்பூப் படத்தின் அழகு. இதற்கு அபர்ச்சர் எனப்படும் துளைத்திறப்பைச் சுருக்க வேண்டும். 11, 16 ஆகிய எண்களில் வைத்தால் துளை சிறிதாகி, அண்மையும் சேய்மையும் ஒருங்கே கூர்மை பெறும். துளை சிறிதாகவே ஒளி குறையும். ஷட்டர் நெடுநேரம் திறந்திருக்க வேண்டும். அதனால் முக்காலி வேண்டும். ஆனால் குன்றில் காற்று ஓயாது. காற்றிலாடும் பூவை நிலைநிறுத்த 250இல் ஒரு நொடியேனும் வேண்டும். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். ஆகவே காற்று அடங்கும் விடியற்காலையே பூப்படத்துக்கு ஏற்ற பொழுது. தரையோடு தரையாகக் குனிந்து, பூவின் உயரத்துக்கே இறங்கி எடுத்தால், ஒரு சாண் செடியும் மலைக்கு இணையாக நிற்பதைக் காணலாம்.

குறிஞ்சிப் பூவை நாடுவோர் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே செல்லல் வேண்டும். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலர்வது. 1982, 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் மூணாறுப் பகுதி மலைகளில் அது பெருமளவில் பூத்தது. அடுத்த பூப்பு 2030இல் எதிர்பார்க்கப்படுகிறது. பூத்து விதை தந்ததும் அச்செடி மடிந்துவிடும். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெய்த பெருமழையும் வெள்ளமும் அவ்வாண்டின் பூப்பைப் பெரிதும் குலைத்தன. பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தோர் பலர் மூணாறு செல்லவும் இயலாது போயினர். காலநிலை என்பது படத்தின் பின்னணி மட்டுமன்று, பூவின் விதியுமாகும் என்பதை அவ்வாண்டு உணர்த்திற்று.

குறிஞ்சிப்பாட்டின் மகளிர் பூக்களைப் பறித்துப் பாறைமேல் குவித்தனர். அன்று காடு பெரிது, மக்கள் சிலர். இன்று காடு சிறிது, மக்கள் பலர். நாம் பறியாமலே குவிக்கலாம். ஒவ்வொரு பூவையும் படமாக்கி, அதன் பெயரை ஊர்ப்பெரியோரிடமும் ஆடு மேய்ப்போரிடமும் கேட்டெழுதி வைத்தால், அதுவும் ஒரு குறிஞ்சிப்பாட்டே.

கருப்பொருள்: விலங்கும் பறவையும்

காட்டுயிரைப் படமாக்குவதில் தமிழ்நாட்டுக்கு ஒரு முன்னோடி உண்டு. அவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனாகிய இவர் 1912இல் பிறந்து 1996இல் மறைந்தார். ஸ்டேட்ஸ்மன் ஆங்கில நாளிதழில் 1950 முதல் தம் இறுதிக்காலம் வரை இயற்கை பற்றிய பத்தியை எழுதிவந்தார். தமிழிலும் எழுதினார், அக்கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்து "மழைக்காலமும் குயிலோசையும்" என்னும் நூலாக்கினார். கிருஷ்ணன் எடுத்தவை கறுப்பு வெள்ளைப் படங்கள். வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட கருவியைப் பயன்படுத்தினார். கால்நடையாகவும் பழக்கிய யானை மீதமர்ந்தும் காடுகளில் திரிந்தார். விலையுயர்ந்த கருவி இல்லை என்று வருந்தும் மாணவர், விலங்கின் இயல்பை அறிந்தவர்க்கு எளிய கருவியும் பணி செய்யும் என்பதை அவரிடம் கற்கலாம்.

மலையுச்சியின் விலங்கு எனத்தக்கது வரையாடு. வரை என்பது மலை. பெயரிலேயே மலையைச் சுமந்து திரியும் இவ்விலங்கு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையின் புல்வெளிகளிலும் செங்குத்துப் பாறைகளிலும் அன்றி உலகில் வேறெங்கும் இயற்கையில் இது வாழ்வதில்லை. 1978இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட இரவிகுளம் இதன் முதன்மையான வாழிடம். ஆண்டுதோறும் குட்டி ஈனும் பருவத்தில் அப்பூங்காவைப் பார்வையாளர்க்கு மூடிவிடுகின்றனர். எவ்வளவு பெரிய கலைஞராயினும் அப்போது காத்திருக்கவே வேண்டும். வரையாடுகளைக் கணக்கெடுத்து ஆராய்ந்த ஈ. ஆர். சி. தாவிதாரின் நினைவாக, அக்டோபர் 7ஆம் நாளைத் தமிழ்நாட்டரசு வரையாடு நாளாகக் கொண்டாடுகிறது.

நம் குன்றுகளில் வரையாடு இல்லை. ஆயினும் காண விரும்புவோர்க்குக் குறைவில்லை. பாறையில் வெயில் காயும் பாறை ஓணானின் ஆண், இனப்பெருக்கக் காலத்தில் முதுகு சிவந்தும் கீழ்ப்புறம் கறுத்தும் ஒளிரும். மயில் அகவும், குரங்கு தாவும், அந்தியில் கொம்பன் ஆந்தை பாறை விளிம்பில் வந்தமரும். தென்னிந்தியாவின் பாறைக்குன்றுகளை மட்டுமே வாழிடமாகக் கொண்ட மஞ்சள்தொண்டைச் சின்னான் என்னும் பறவை, உலகளவில் அழிவாய்ப்புள்ள இனமாகக் குறிக்கப்பெற்றுள்ளது. குன்றுகளைக் கல்லுக்காக உடைப்பது அதற்கு நேர்ந்துள்ள கேடுகளுள் ஒன்று. இமயத்திலும் ஆப்பிரிக்காவிலும் உள்ளவற்றைக் கண்டு வியக்கும் நாம், நம் பாறையில் மட்டுமே வாழ்வதை அறியாதிருத்தல் தகுமோ?

உரிப்பொருள்: படம் எடுப்போரின் ஒழுக்கம்

இங்கு நம் வாழ்வில் நேர்ந்த பிழையொன்றைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்னர், ஊர்க்கு அண்மையிலுள்ள பாறைக்குன்றின் அடிவாரத்தில், களாப் புதரொன்றில் சின்னான் கட்டிய கூட்டைக் கண்டோம். உள்ளே மூன்று குஞ்சுகள் வாய் பிளந்து கிடந்தன. கிளையும் இலையும் மறைத்தமையால் படம் தெளிவாக விழவில்லை. மறைத்த கிளைகளை நூலால் வளைத்துக் கட்டினோம். தாய்ப்பறவை இரை கொணர்ந்து ஊட்டும் காட்சி அருமையாகக் கிடைத்தது. பின்னணியில் குன்றும், மேலே மழைமேகமும் அமைந்திருந்தன. இருட்டிவிட்டது, மழையும் தூறியது, கட்டை அவிழ்க்காமலே விரைந்து வீடு திரும்பினோம். மறுநாள் காலை சென்று பார்த்தபோது கூடு வெறுமையாக இருந்தது. காக்கையோ பாம்போ நாமறியோம். கூட்டை மறைத்திருந்த இலைக்கதவைத் திறந்து வைத்தவர் யார் என்பதை மட்டும் அறிவோம்.

அப்படத்தைக் கண்டோர் அனைவரும் பாராட்டினர். நமக்கு அதனைக் காணும் துணிவு இன்றுவரை வந்ததில்லை. படத்தில் பொய் ஒன்றுமில்லை. படம் எடுத்த முறையில் கொடுமை இருந்தது. ஓர் உயிரின் வாழ்வைவிட அதன் படம் உயர்ந்ததன்று என்னும் எளிய உண்மையை மூன்று குஞ்சுகளின் விலையில் கற்றோம். மாணவர் அவ்விலை கொடாமலே அதனைக் கற்க வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறோம்.

இதிலிருந்து சில நெறிகள் பெறப்படுகின்றன. கூட்டையும் குஞ்சையும் நெருங்கலாகாது. ஓணானை அசைவிக்கக் கல்லெறிதலும், மயிலைப் பறக்கச் செய்யக் கூச்சலிடுதலும், குரங்குக்குத் தின்பண்டம் காட்டுதலும் கூடா. விலங்கு நம்மைக் கண்டு தன் செயலை நிறுத்துமாயின் நாம் எல்லை கடந்துவிட்டோம் என்பது பொருள். இரண்டடி பின்வாங்குதல் வேண்டும். பூவைப் பறித்து வேறிடத்தில் நட்டுப் படம் எடுத்தலும், ஒரு பூவுக்காகப் பத்துச் செடிகளை மிதித்தலும் தகா. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சரணாலயங்களுள் படம் எடுக்க முன்னனுமதி வேண்டும். காப்புக்காடுகளிலும் வனத்துறையின் இசைவின்றி நுழைதல் குற்றம்.

உயிர்க்குத் தீங்கு செய்யாமை ஒரு பாதி. உண்மைக்குத் தீங்கு செய்யாமை மறு பாதி. பன்னாட்டு ஒளிப்பட அமைப்புகள் மூன்று 2014இல் கூடி இயற்கைப் படத்துக்கு ஒரு பொது வரையறை செய்தன. அதன்படி, ஓரத்தை வெட்டிச் சுருக்கலாம். ஒளியைச் சற்றுத் திருத்தலாம். ஆனால் இல்லாததைச் சேர்த்தலும், உள்ளதை நீக்கலும், ஒன்றை இடம் மாற்றலும் ஆகா. இன்று செயற்கை நுண்ணறிவைக் கொண்டு, எவரும் காணாத மலையில் எக்காலத்தும் பூவாத பூவைப் பூக்கச் செய்து காட்ட ஒரு நிமிடம் போதும். அது கண்ணுக்கு இனிதாகலாம். அதனைக் கற்பனை என்று கூறிக் காட்டினால் குற்றமுமில்லை. ஆனால் அது சாட்சியாகாது. சாட்சி சொல்பவர் அங்கே நின்றிருக்க வேண்டும். கண்ணால் கண்டிருக்க வேண்டும். கூட்டாமலும் குறையாமலும் சொல்ல வேண்டும்.

படம் சாட்சியாதல்

சாட்சியின் தேவை நமக்கு அண்மையில் நேர்ந்த துயரத்தால் விளங்கும். 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் 24 மணி நேரத்தில் 51 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தென்பெண்ணை கரை புரண்டது. டிசம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவு மண்ணும் பாறையுமாக வீடுகளின்மேல் இறங்கியதில் எழுவர் உயிரிழந்தனர். அவருட் பலர் சிறுவர்.

அச்சரிவு அதற்கு முன் எவ்வாறு இருந்தது? எவ்விடத்தில் மரம் இருந்தது, எவ்விடத்தில் வெறும் மண் இருந்தது, ஓடை எவ்வழியே இறங்கியது? இத்தகைய வினாக்களுக்கு ஆண்டுதோறும் ஒரே இடத்திலிருந்து எடுத்த படங்கள் விடை தரும். பழைய படம் எடுக்கப்பட்ட இடத்திலேயே மீண்டும் நின்று புதிய படம் எடுத்து ஒப்பிடும் முறையை, பனியாறுகள் சுருங்குவதை அளக்க ஆராய்ச்சியாளர்கள் உலகெங்கும் கையாள்கின்றனர். நாம் எடுத்துக் குவிக்கும் படங்களுள் பெரும்பாலானவற்றில் நாமே முன்னே நிற்கிறோம். மலை நம் தோளுக்குப் பின்னே மறைந்துபோகிறது.

கல்லுக்காக உடைபடும் குன்றுக்கும் இது பொருந்தும். குன்று ஒருநாளில் மறைவதில்லை. சிறிது சிறிதாகத் தேய்வதால் அன்றாடம் காண்போர் கண்ணுக்கு அது புலனாவதில்லை. பத்தாண்டுகட்கு முந்திய படத்தை அருகில் வைத்தாலன்றி, இழந்தது எவ்வளவு என்பது நமக்கே தெரியாது.

முடிவுரை

ஆகவே மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ள ஒரு குன்றையோ, குன்று தெரியும் ஏரிக்கரையையோ தேர்ந்து கொள்ளுங்கள். நிற்கும் இடத்தை ஒரு கல்லாலோ மரத்தாலோ அடையாளம் செய்துகொள்ளுங்கள். மாதந்தோறும் ஒரே நாளில், ஒரே பொழுதில், ஒரே திசையில் ஒரு படம் எடுங்கள். கைப்பேசி போதும். படத்தோடு நாளையும் இடத்தையும் வானிலையையும், அன்று கண்ட பூவையும் பறவையையும் எழுதி வையுங்கள். பெயர் தெரியாதவற்றைப் பெரியோரிடம் கேளுங்கள். ஊர்ப்பெரியோரும் தங்கள் வீட்டுப் பழைய படங்களைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும். திருமணப் படத்திலோ பள்ளிக் குழுப் படத்திலோ, வரிசையாக நிற்போரின் தலைகளுக்குப் பின்னே, இன்றில்லாத ஒரு குன்றின் முகடு தெரியக்கூடும். ஆசிரியர்கள் இவற்றைத் திரட்டிக் கல்லூரி நூலகத்தில் வைத்தால், ஓராண்டில் பன்னிரண்டு படங்கள். பத்து மாணவர் முன்வந்தால் நூற்றிருபது. இன்று முதலாண்டு படிப்பவர் பட்டம் பெற்றுச் செல்வதற்குள் கெடாரைச் சூழ்ந்த குன்றுகளின் மூன்றாண்டு வரலாறு நம் கையில் இருக்கும்.

முதற்பொருளையும் கருப்பொருளையும் இயற்கை தந்துள்ளது. உரிப்பொருள் மட்டுமே நம்முடையது. பறியாத கையும், பதறாத காலும், பொய் சேர்க்காத மனமும் கொண்டு குன்றின் முன் நிற்போமாயின், நாம் எடுக்கும் படம் எளியதாயினும், நமக்குப் பின் வருவோர்க்கு அது மலையின் சார்பில் நின்று உண்மை உரைக்கும்.